தூரத்துக் காட்டுக்குளத்தில் மீன் இருக்குமா?

முதலில் கேள்வி. கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேர். இருவர் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். ஃப்ளை தூண்டிலை, அதாவது இறகில் கட்டிய பொய்ப் பூச்சியை எறிகிற தூண்டிலைத் தூக்கிக்கொண்டு, குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்காக மலையேறுகிறவர்கள். ஜூலைக் கடைசியில் ஊருக்கு வருகிறார்கள், தூண்டிலும் கூடவே வருகிறது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளே ஒரு பழைய குளம் இருப்பதாக ஒருவர் கேள்விப்பட்டிருக்கிறார். "ஆள் போகாத தண்ணி, அங்கேதான் பெரிய மீன் நிற்கும்" என்று அவர் ஒரே பிடியாக நிற்கிறார். "முத்தையன்கட்டுப் பெரிய குளம் இருக்கும்போது அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறாய், மீனும் இல்லை மண்ணும் இல்லை" என்கிறார் ஊரிலிருக்கும் நண்பர். வாட்ஸ்அப்பில் சண்டை முற்றிவிட்டதாம். யார் சொல்வது சரி?

ஊர் நண்பரின் முடிவு சரி, காரணம் பிழை. கனடா நண்பரின் முடிவு பிழை, ஆனால் அவருடைய காரணத்தில் பாதி உண்மை இருக்கிறது. தூரத்தை வைத்துக்கொண்டு இருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். வன்னியில் ஒரு குளத்தை மதிப்பிட நான் கேட்கிற முதல் கேள்வி வேறு: புரட்டாதி மாதத்தில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

கனடாக்காரரின் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ரோட்டோரத்து ஏரியில் வார இறுதியில் ஆள்மேல் ஆள் நிற்பார்கள். பெரிய மீனை முதலில் வந்தவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். நான்கு மணி நேரம் நடந்து ஏறவேண்டிய ஏரிக்குக் கூட்டம் வராது, ஆகவே மீன் வளரும். சரிதான். ஆனால் அங்கேயும் இது எல்லா ஏரிக்கும் பொருந்தாது என்பதை அவரே அறிந்திருப்பார். மலையுச்சி ஏரிகள் பலவற்றில் ஆதியில் மீனே கிடையாது; அருவிகளைத் தாண்டி மீன் ஏற முடியவில்லை. பிறகு மனிதர்கள் குஞ்சுகளைக் கோவேறு கழுதையிலும், பின்னாளில் விமானத்திலும் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட மீன் பெருகவேண்டுமென்றால் பெரும்பாலும் கூழாங்கல் உள்ள ஓடை ஒன்று ஏரிக்குள் வரவோ போகவோ வேண்டும். ட்ரவுட் அந்தக் கல்லுக்குள்தான் முட்டையிடும். ஓடையில்லாத ஏரியில் விட்ட மீன் வயதாகிச் செத்ததோடு கதை முடிந்தது. ஏரி ஆழமில்லாவிட்டால் இன்னொரு வில்லங்கம். குளிர்காலத்தில் மேலே பனி மூடி, வெளிச்சம் போகாமல், அடியில் அழுகும் செடிகள் ஒட்சிசனை இழுத்துவிட, மீன் முழுவதும் மூச்சுத்திணறிச் செத்துவிடும். மறுபக்கம், ஓடை நன்றாக இருந்து மீன் அளவுக்கு மிஞ்சிப் பெருகினால், சாப்பாடு போதாமல் கிழட்டு மீன்கூட ஒரு சாணைத் தாண்டாது. புரூக் ட்ரவுட் உள்ள மலை ஏரிகளில் இது வழக்கமான முறைப்பாடு.

ஆக, அனுபவப்பட்ட ட்ரவுட்காரன் தூரத்து ஏரியைப் பற்றி மூன்று விஷயம் விசாரிப்பான்: ஆழம் எவ்வளவு, மீன் எப்படி உள்ளே வந்தது, தீனி போதுமா. ரொறன்ரோ நண்பர் அதே மூன்றையும் இங்கே கேட்டிருந்தால் சண்டையே வந்திராது. பனியை எடுத்துவிட்டு வெயிலைப் போட்டுக்கொள்ளுங்கள், வன்னிக் குளத்துக்கும் அதே விசாரணைதான்.

ஆழம். எங்கள் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். மார்கழி, தையில் குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாயும். அதன்பிறகு சித்திரை மழை கொஞ்சம் முகம் காட்டும், காட்டாமலும் போகும். மே தொடங்கிச் சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிறபோது தண்ணீர் வற்றுகிற வேகத்தைக் குளக்கட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வறண்ட வலயத்தில் ஆவியாகிப் போவது மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். நான்கு மாதத்தில் இரண்டடி. இரணைமடு நிரம்பினால் 36 அடி. அதற்கு இரண்டடி ஒரு பொருட்டில்லை, அங்கே சிறுபோக (கோடைப்போக) வயலுக்குத் திறக்கிற தண்ணீர்தான் மட்டத்தை இறக்கும். காட்டுக்குள் கிடக்கிற பழங்குளம் அப்படியல்ல. வன்னிக் காட்டில் கைவிடப்பட்ட குளங்கள் எத்தனையோ. பெரும்பாலானவற்றின் கட்டு எங்காவது உடைந்திருக்கும், அடி தூர்ந்திருக்கும். மழை விட்டதும் உடைப்பு மட்டத்துக்கு மேலுள்ளதெல்லாம் ஓடிவிடும். மிஞ்சுவது இடுப்பளவுத் தண்ணீர். அதில் இரண்டடி ஆவியாகிவிட்டால் என்ன மிச்சம்? ஆடி ஆவணியில் நீங்கள் போய்ச் சேரும்போது யானை உழக்கிய சேறும், நடுவில் மோட்டை என்கிற சின்னக் குழித் தண்ணீரும் இருக்கலாம்.

மீன் எப்படி வந்தது என்பது இரண்டாவது. பெரிய குளங்களிலும் நடுத்தரக் குளங்களிலும் பாதி மீன் மனிதன் விட்டதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து 1950களின் தொடக்கத்தில் வந்த திலாப்பியா, அதாவது எங்கள் ஜப்பான் மீன், இன்றைக்குக் குளத்து மீனவரின் வருமானத்தில் பெரும்பங்கு. கட்லா, ரோகு முதலிய இந்தியக் கெண்டைக் குஞ்சுகளும் விடப்படுகின்றன. ஊரோரத்துச் சிறுகுளங்களில்கூட மழை முடியக் குஞ்சு விட்டு, வற்றும்போது பிடித்துவிடுகிறார்கள். காட்டுக்குளத்துக்கு யாரும் குஞ்சு கொண்டுபோய் விடப்போவதில்லை. அங்கே மீன் தானாகத்தான் வரவேண்டும். மாரியில் ஒரு குளத்தின் வான் பாய்ந்து அடுத்த குளத்துக்கு ஓடுகிற காட்டாறு வழியே கெளிறு, கெண்டை, ஜப்பான் குஞ்சு எல்லாம் ஏறும், இறங்கும். அப்படி எந்த ஆற்றோடும் தொடர்பில்லாத குளமென்றால் நம்பிக்கை வைக்கவேண்டாம்.

முக்கியமான விதிவிலக்கு விரால். கனடா நண்பரின் பாதி உண்மை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. விராலுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரியும். ஈரம் இருந்தால் தரையில் நெளிந்து அடுத்த தண்ணீருக்குப் போகும், குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். ஒட்சிசன் இல்லாத, செடி மண்டிய தண்ணீர் மற்ற மீனைக் கொல்லும். விரால் அதில் ராஜா. அதனால், கட்டு உடையாமல், ஓரமாக ஒரு ஆழமான மடு வற்றாமல், வலைக்காரர் போகாத காட்டுக்குளம் ஒன்று உண்மையிலேயே கிடைத்தால் அங்கே முழங்கையைத் தாண்டிய விரால் இருக்கும். இப்படியான குளம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் அதன் பெயரை யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை.

தீனிக்கு நான் அதிகம் மினக்கெடவில்லை. தவளையும் சின்னக் கெண்டையும் இல்லாத குளம் வன்னியில் குறைவு. ஜப்பான் மட்டும் சிறுகுளத்தில் மாட்டிக்கொண்டால் புரூக் ட்ரவுட் மாதிரியேதான்: உள்ளங்கை அளவிலேயே பருவத்துக்கு வந்து முட்டை போட்டு, குளம் முழுக்கக் குஞ்சாகிவிடும். ஒன்றுகூட வளராது.

சரி, அந்தக் குளம் எந்த வகை என்று போகாமலே எப்படி அறிவது? செய்மதிப் படத்தில் பாருங்கள். இன்றைய படத்தை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளி, ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதப் படங்களைத் தேடிப் பிடியுங்கள். அந்த மாதங்களில் தொடர்ந்து சில வருடம் கரும்பச்சை நிறத்தில் தண்ணீர் தெரிந்தால் குளம் தேறும். வெளிர் மண்நிறம் தெரிந்தால் முடிந்தது. அதைவிட நல்ல வழி பட்டிக்காரரைக் கேட்பது. கோடையில் மாட்டுப்பட்டியை எந்தக் குளத்துக்குச் சாய்க்கிறார் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. மாடு குடிக்க ஆவணியிலும் தண்ணீர் இருக்கிற குளத்தில் மீன் இருக்கும். தேன் எடுக்கப் போகிறவர்களும் சொல்வார்கள். ஆனால் "மீன் கிடக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "ஓம், வேண்டியமட்டும்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது வற்றியது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. போன இடத்தில் நீர்க்காகம் கூட்டமாக நின்றால் நல்லது. முதலை கிடந்தால், மீனுக்கு நல்ல குறி, உங்களுக்குக் கெட்ட குறி.

இப்போது ஊர் நண்பரும் கவனிக்காத ஒரு விஷயம். இதுதான் என் தீர்ப்பில் பெரிய பங்கு. ஃப்ளை தூண்டிலில் எறிவது ஈயத்தையோ இரையையோ அல்ல. கொளுக்கியில் இறகும் மயிரும் கட்டிய பூச்சிக்கு நிறையே கிடையாது. கனமான நூலைத் தலைக்கு மேலே பின்னுக்கும் முன்னுக்கும் சுழற்றி, அந்த நூலின் பாரத்தில்தான் பூச்சி போகிறது. ஐம்பதடி முன்னே எறிய வேண்டுமென்றால் ஏறத்தாழ அவ்வளவு இடம் பின்னால் வெறுமையாக இருக்கவேண்டும். கனடாவில் இடமில்லாவிட்டால் தண்ணீருக்குள் இடுப்பளவுக்கு இறங்கி நிற்பார்கள். அல்லது காற்றடைத்த வளையத்துக்குள் இருந்துகொண்டு, காலில் துடுப்பைப் போட்டு ஏரி நடுவுக்கே போய்விடுவார்கள். வன்னிக் குளத்தில் இரண்டும் நடவாது. கோடையில் தண்ணீர் சுருங்கச் சுருங்க முதலையும் அந்தத் தண்ணீருக்குள்ளேதான் சுருங்கும். தண்ணீருக்கு மேலே இருந்து மீனவர் வலை இழுப்பது வேறு. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதப்பது முதலைக்குப் படையல்.

ஆகவே கரையில் நின்றுதான் எறியவேண்டும். காட்டுக்குளத்தின் கரை எப்படியிருக்கும்? பின்னால் வீரையும் பாலையும் சூரைப் பற்றையும் முதுகை இடிக்கும். முன்னால் இருபதடிக்குத் தாமரையும் சம்பும். கட்டில் ஏறினால் கட்டிலேயே மரம். ஸ்பின்னிங் தூண்டிலோ எங்கள் பழைய தங்கூசி (நைலோன் நூல்) தூண்டிலோ வைத்திருப்பவன் சமாளிப்பான், கிளைக்குக் கீழாலேயே சுண்டிவிடுவான். ஃப்ளைக்காரன் கொண்டுபோன பூச்சி முழுவதையும் மரத்துக்குக் கொடுத்துவிட்டு வருவான். பெரிய குளத்தில் கதை தலைகீழ். முத்தையன்கட்டு, பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் போன்ற இடங்களில் தண்ணீர் இறங்கும்போது நீர் விளிம்பான அலைகரைப் பக்கம் புல்வெளியாகத் திறந்துவிடும். பின்னால் நூறடிக்கு ஒரு மரமும் இருக்காது. ஃப்ளை தூண்டிலுக்கென்றே யாரோ வெட்டி வைத்தது போன்ற இடம்.

காற்றையும் சொல்லவேண்டும். ஜூலையில் சோளகம் காலை எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு வைத்து வாங்கும். ஃப்ளை நூல் காற்றில் பாய்மரம் மாதிரி. விடிய ஐந்தரைக்கே கரையில் நிற்கவேண்டும், ஒன்பதுக்கு மூட்டை கட்டவேண்டும். முத்தையன்கட்டென்றால் முடியும். காட்டுக்குளத்துக்கு விடிய நிற்பதென்றால் இருட்டில் காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓடவேண்டும், அல்லது அங்கேயே இரவு தங்கவேண்டும். கோடையில் சுற்றுவட்டாரத்து யானை எல்லாம் மாலையும் விடியலும் தேடி வருவது வற்றாத அந்த ஒரு குளத்தைத்தான். அத்தோடு அது பாலைப்பழக் காலத்தின் கடைசி. கரடி மரத்தடியில் நிற்கும். யானையாவது தூரத்தில் தெரியும், சத்தம் கேட்கும். கரடி பற்றைக்குள்ளிருந்து ஒரேயடியாக முகத்துக்கு வரும். அதை எதிர்கொண்ட வன்னிக்காரரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போர்க்காலக் கண்ணிவெடிச் சிவப்புப் பலகைகளும் எல்லாக் காட்டிலிருந்தும் போய்விடவில்லை. மாடு போன தடத்தை விட்டு இறங்காதீர்கள். ஒதுக்குக் காடு என்றால் வனவளத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். தூண்டிலைக் கண்டால் சிரித்துவிட்டு விடுவார்கள் என்று எண்ணவேண்டாம்; மரம் வெட்டுகிற கோஷ்டியோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.

என்றால் நண்பர்களுக்கு நான் சொல்வது: இந்த ஜூலையில் காட்டுக்குளத்தை விடுங்கள். இரண்டு விடியலை முத்தையன்கட்டின் அலைகரையில் செலவழியுங்கள், ஒன்றை வவுனிக்குளத்தில். மாங்குளத்தில் தங்கினால் ஒட்டுசுட்டான் கிழக்கே, மல்லாவி மேற்கே, இரண்டும் அதிகாலையில் ஓடி எட்டக்கூடிய தூரம். காட்டுக்குளத்துக்குப் போயே தீரவேண்டுமென்று ரொறன்ரோ நண்பர் துடித்தால், மாசி பங்குனியில் வரச்சொல்லுங்கள். மழை விட்டிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, யானை ஒரு குளத்தில் குவியாமல் காடு முழுக்கப் பரவியிருக்கும். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போய்ப் பகலில் திரும்பலாம். நல்லூர்த் திருவிழாவோடு ஒட்டி லீவு எடுத்தால்தான் வீட்டில் விடுவார்கள் என்பது அவருடைய பிரச்சினை, விராலுடையதல்ல.

தூண்டில் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். ட்ரவுட்டுக்குப் பாவிக்கிற ஐந்தாம் இலக்கத் தடியை வீட்டிலேயே வைத்துவிட்டு அதைவிடப் பலமான எட்டு அல்லது ஒன்பதாம் இலக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். மீனின் பலத்தைவிட, அதைச் செடிக்குள்ளிருந்து இழுத்தெடுக்கத்தான் அந்தப் பலம். நூல் வெப்பநாட்டுக்கென்று செய்ததாக இருக்கவேண்டும். குளிர்நாட்டு நூல் எங்கள் வெயிலில் இளகி, வளையத்தில் ஒட்டிக்கொள்ளும், எறிபடாது. பூச்சியைக் கட்டுகிற முன்நூல் இருபது முப்பது இறாத்தல் தாங்கவேண்டும். மெல்லிய நூலைப் பார்த்து வெட்கப்படுகிற மீனல்ல விரால். பூச்சியென்று நான் சொன்னாலும் கட்டவேண்டியது தவளை: மான்மயிரிலோ ரப்பர் நுரையிலோ மிதக்கிற தவளை, கொளுக்கி முனைக்கு முன்னால் செடி தடுக்கும் கம்பி ஒன்று. விரால் மூச்செடுக்க மேலே வந்து "மொளுக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகும். அந்த வளையத்தின் மேலேயே போடாதீர்கள், நான்கடி அப்பால் போட்டு மெல்ல மெல்ல அதன் மேலால் இழுங்கள். அடித்ததும் ட்ரவுட்டுக்குப் போல தடியைத் தூக்கினால் தவளை வாயிலிருந்து வெளியே பறந்துவிடும். ஒரு கணம் பொறுத்து, நூலைக் கையால் நேரே இழுத்து ஏற்றிவிட்டுத்தான் தடியைத் தூக்கவேண்டும். கனடாவிலிருந்து வருகிற யாருக்கும் இந்தப் பழக்கம் முதல் விடியலில் வராது.

மாரி தொடங்கிய பிறகு செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று தண்ணீருக்கு மேலே கொதிப்பதுபோல் நகர்வதைக் கண்டால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. எதைப் போட்டாலும் பசியில்லாமலே கோபத்தில் கடிக்கும். அதைப் பிடிப்பது கெட்டித்தனமில்லை. பெற்றோரை எடுத்துவிட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும்.

அந்த நண்பர்கள் ட்ரவுட்டையே நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை: ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், இருபது பாகை செல்சியசுக்கு மேலே போனாலே தடுமாறும். எங்கள் குளம் முப்பதைத் தொடுகிறது. இலங்கையில் அதற்கு நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம்தான் போகவேண்டும். வெள்ளைக்காரர் 1880களில் பொழுதுபோக்குக்காக ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டது அந்த மலை ஓடைகளில்தான். சமவெளி இப்போது தேசியப் பூங்கா, நினைத்தபடி தூண்டில் போட முடியாது. அதையும் வன்னியையும் ஒரே பயணத்தில் போட்டுக் குழப்பாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, மரியாதை விஷயம். பெரிய குளம் ஒவ்வொன்றிலும் நன்னீர் மீனவர் சங்கம் இருக்கிறது. முதல் நாள் மாலையே கரைக்குப் போய், வலை காய்கிற இடத்தில் பெரியவர் யாரையாவது கண்டு, "அண்ணை, நாளைக்கு விடிய இந்தப் பக்கம் தூண்டில் போடலாமோ?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னதை நான் கேட்டதில்லை. வலை எங்கே போட்டிருக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள், அதற்கு மேலால் கொளுக்கியை இழுத்துக் கிழித்துவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். பிடித்த மீனைத் திரும்ப விடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், "காசு குடுத்துக் கனடாவிலயிருந்து வந்து மீனுக்கு முத்தம் குடுக்கிறாங்கள்" என்று சொல்லவும் சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். விராலை விடமுடியாதபடி கொளுக்கி ஆழமாக ஏறிவிட்டால் அதைச் சங்கத்தாரிடமே கொடுத்துவிடுங்கள். தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார்கள், போங்கள். எந்தக் காட்டுக்குளம் போன வருடம் வற்றவில்லை என்ற விவரம் கிடைக்கப்போவது அந்தக் கொட்டிலில்தான்.